மூடித் தைத்த காயம்

சேற்றுழவுக்கு மாட்டிய டிராக்டரின் இரும்புக் கம்பிச் சக்கரத்தில், கேஜ் வீலில், அப்பியிருந்த சேற்றை ஆல்பர்ட் கம்பியால் நோண்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்க்காமலே மோகன்குமார் வண்டியை நகர்த்திவிட்டார். ஆல்பர்ட்டின் முழங்காலுக்குக் கீழே சதை கிழிந்து தொங்கியது. வரப்போரம் நாற்று முடி கட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி நிஷா ஓடிவந்தாள்.

"ஆம்புலன்சுக்கு போன் பண்ணுங்கய்யா!"

சாலவாக்கத்தில் பாதி நிலம் மோகன்குமாருடையது. ஆனால் அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும்.

"கூவாத. கோபால் டாக்டராண்ட போனா ரெண்டு தையல்ல முடிஞ்சிடும்."

கோபால் டாக்டருக்குப் படித்தவன் இல்லை. காஞ்சிபுரத்தில் யாரிடமோ கம்பவுண்டராக இருந்துவிட்டு, ஊருக்கு வந்து முன்னறையில் பெஞ்சு போட்டு ஊசி போட்டுக்கொண்டிருந்தான். அவன் காயத்தின் மேலாகத் துடைத்துவிட்டு ஊசியில் நூல் கோத்தான்.

"உள்ள சேறு கீது டாக்டரே," என்றாள் நிஷா.

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று சொல்லி, இறுக்கித் தைத்தான்.

மறுநாள் ஆல்பர்ட் வலியில் துடித்தான். கால் தூண்போல வீங்கியது. தோல் செம்பு நிறமாகிக் கருங்கொப்புளம் கிளம்பியது. நிஷா தொட்டபோது தோலுக்கடியில் சருகை மிதித்ததுபோல் நொறுநொறுத்தது. கெட்ட வாடை வேறு. மோகன்குமாரின் வீட்டு வாசலில் நின்று கார் கேட்டாள்.

"தையல் போட்டா வலிக்கத்தான் செய்யும். போ," என்றார் அவர்.

அவளே ஆட்டோ பிடித்துச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். தொடையோடு காலை எடுத்தார்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. விடிவதற்குள் ஆல்பர்ட் போய்விட்டான்.

"இதுக்கு கேஸ் கேங்க்ரீன்னு பேரு," என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. "சேத்துலயும் சாணியிலயும் இருக்கிற கிருமி. காத்து பட்டா அதால வளர முடியாது. புண்ணைச் சுத்தம் பண்ணாம மூடித் தைச்சிட்டா, உள்ளே பெருகி சதையை அழுக வைக்கும்."

"தைக்காம வுட்டிருந்தா?"

"நல்லா கழுவி, தொறந்தபடியே உடனே இங்க அனுப்பியிருந்தா, பொழைச்சிருப்பாரும்மா."

அந்த வார்த்தை நிஷாவுக்குள் தங்கிவிட்டது. ஸ்டேஷனில் புகார் கொடுத்தாள். ஆல்பர்ட் வரப்பில் வழுக்கி விழுந்தான் என்றார் மோகன்குமார். அவன் காலை நான் பார்த்ததே இல்லை என்றான் கோபால். தையல் இருந்ததாக ஆஸ்பத்திரியில் எழுதியிருந்தார்கள். யார் போட்டது என்று சொல்ல ஊரில் ஒருவரும் வரவில்லை.

அரிவாளை எடுக்கும்போதெல்லாம் கோபாலின் கழுத்து நினைவுக்கு வந்தது. ஆனால் ஒரே வெட்டில் செத்துவிட்டால் அவன் எதையும் ஒப்புக்கொள்ளாமலே போய்விடுவான். அவன் வாயால் சொல்ல வேண்டும், அதை மோகன்குமார் கேட்க வேண்டும்.

ஒரு நாள் காலையில் அதே வயலுக்குப் போனாள். இடது உள்ளங்கையில் அரிவாளை ஆழமாக இழுத்தாள். ரத்தம் கொட்டக் கொட்டக் கையைச் சேற்றில் அழுத்தி எடுத்தாள். நேரே கோபாலிடம் போனாள். பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

கோபால் திடுக்கிட்டான். "இங்க இன்னாத்துக்கு வந்த?"

"ஊருக்கெல்லாம் பாக்கறீங்க, எனக்கு மட்டும் பாக்க மாட்டீங்களா? பெரியாஸ்பத்திரிக்குப் போனா அங்க கேள்வி மேல கேள்வி கேப்பாங்க."

அந்தக் கடைசிப் பேச்சில் அவன் பயந்தான். இவளை இங்கேயே சரிக்கட்டினால் பழைய பேச்சும் அடங்கும் என்று நினைத்தானோ என்னவோ, தைத்தான். சேற்றின் மேலேயே தைத்தான். ஊசி ஏறும்போது நிஷா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து செங்கல்பட்டு பஸ் ஏறினாள். டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உனக்கு என்ன பைத்தியமா? அவர் எப்படிப் போனார்னு கண்ணால பார்த்தவதானே நீ?"

"பாத்தனாலதாம்மா. யாரு தைச்சதுன்னு கேட்டாங்க இல்ல? இப்ப எழுதிக்கோங்க."

தையலை வெட்டி, உள்ளே கழுவி, கெட்ட சதையை நீக்கி, காயத்தை மூடாமல் விட்டார்கள். ஊசிகள் போட்டார்கள். டாக்டரம்மாவே அதிகாரிகளுக்குப் போன் செய்தார். சாயங்காலமே கோபாலின் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. அதே நூலும் ஊசியும் மேஜைமேல் கிடந்தன. காலையில் பெஞ்சிலிருந்தவர்கள் இப்போது ஜீப்பைக் கண்டு, அவன்தான் தைத்தான் என்று வாய் திறந்தார்கள்.

ஸ்டேஷனில் கோபால் அழுதான். "நான் அனுப்பிடலாம்னுதான் சார் சொன்னேன். மோகன்குமார்தான் போலீசு வரும், நீயே தைச்சிடுன்னாரு!"

நிஷா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய இரண்டாம் நாள் மோகன்குமார் அவள் வீட்டுக்கே வந்தார். குனிந்துதான் உள்ளே நுழைய முடிந்தது.

"உம் பேருக்கு ஒரு மனை எழுதித் தரேன். ஆனது ஆயிடுச்சி. என் பேரை வுட்டுடு நிஷா."

"எம் புருசன் கால்ல ஒரு நாத்தம் வந்துது," என்றாள் நிஷா. "அதை ஒருவாட்டி மோந்து பாத்துட்டு வா. அப்பால பேசலாம்."

அவரையும் கைது செய்தார்கள். ஜாமீனில் வந்தார். நிஷாவின் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. நாற்று நட அந்தக் கை உதவாது. ஆனாலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் உத்திரமேரூர் கோர்ட்டுக்குப் போய், மோகன்குமார் திரும்பும் பக்கமெல்லாம் எதிரில் நின்றாள்.

கோபால் எல்லாரும் கேட்க வாக்குமூலம் சொன்ன அன்று மோகன்குமார் சுவரைப் பிடித்துக்கொண்டார். நிஷா கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. பசிதான் எடுத்தது. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் உட்கார்ந்து, ஆல்பர்ட் போன பிறகு முதல்முறையாக, மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.