இளையவளுக்கு வந்த கடிதம்

அபுதாபியிலிருந்து ஒரே உறையில் இரண்டு கடிதங்கள் வரும். ஒன்று மூத்த பெண்டாட்டி பிய்யாத்துக்கு, மற்றது போன வருஷம் நிக்காஹ் முடிந்து வந்த ருக்கிய்யாவுக்கு. புருஷன் அலவி பள்ளிக்கூடப் படி ஏறாதவன். குர்ஆன் ஓதச் சொல்லித்தரும் ஓத்துப்பள்ளியில் கற்ற அரபி எழுத்தில்தான் மலையாளம் எழுதுவான். வாத்தியார் மகள் ருக்கிய்யாவுக்கோ பள்ளிக்கூட எழுத்து மட்டும்தான் தெரியும். மாப்பிளா முஸ்லிம் வீட்டில் பிறந்த பெண்ணுக்கு ஓத்துப்பள்ளி எழுத்து தெரியாதென்று எந்தப் புருஷன் நினைப்பான்? அவனிடம் சொல்ல அவளுக்கும் வெட்கம். அதனால் இரண்டு கடிதத்தையும் வாசிப்பது, அவள் 'இத்தாத்தா' என்று அக்கா முறையில் அழைக்கும் பிய்யாத்துதான். இளையவள் சொல்லும் பதிலையும், கையெழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, அவளே எழுதுவாள்.

வயிறு எரியாமல் என்ன செய்யும்? பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு ஓடு மாற்று, கோழிக்கூடு கட்டு. நேற்று வந்தவளுக்கு 'என் கல்பே, இதயமே, உன்னை நினைத்தால் சோறு இறங்கவில்லை'. கல்பாம் கல்பு! பிய்யாத்து வாசிக்கும்போதே இடம் மாற்றிவிடுவாள். கொஞ்சலெல்லாம் தனக்கு, கோழிக்கூடு அவளுக்கு.

இந்த வெள்ளிக்கிழமையும் அப்படியே வாசித்தாள். ருக்கிய்யா உள்ளே போய், துணிமூட்டையோடு வெளியே வந்தாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"வாப்பா வீட்டுக்கு. ரெண்டு கட்டினவன் ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாக்கணும். துணிமணி மட்டும் சரிபாதியாக் குடுத்தாப் போதுமா? உங்களுக்குக் கல்பு, எனக்குக் கோழிக்கூடா?"

தொல்லை தானாகவே ஒழிகிறது! பிய்யாத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என் கடுதாசி எல்லாத்தையும் குடுங்க, இத்தாத்தா. எங்க ஊரு ஓத்துப்பள்ளி மொல்லாக்கா நாலு பேர் முன்னாடி வாசிக்கட்டும். நியாயம் கேக்கணும்."

சிரிப்பு நின்றுவிட்டது. மொல்லாக்கா வாசித்தால் மானம் கப்பலேறிவிடும்.

"மூட்டைய வை. உக்காரு," என்றாள் பிய்யாத்து.

இளையவளின் கடிதத்தை இந்த முறை உள்ளது உள்ளபடி வாசித்தாள். ஒவ்வொரு சொல்லும் நெஞ்சைச் சுட்டது. அப்போதும் பொறாமை போகவில்லை, கூடத்தான் செய்தது. ருக்கிய்யாவின் முகம் முதலில் கறுத்தது, பிறகு சிவந்தது. திட்டப்போகிறாள் என்று பிய்யாத்து காத்திருந்தாள்.

"அப்ப இத்தனை நாளும் வந்ததெல்லாம் எனக்குத்தானா?"

"உனக்குத்தான்."

ருக்கிய்யா மற்றக் கடிதத்தைப் பார்த்தாள். அரைப் பக்கம்கூட இல்லை.

"உங்களுக்குன்னு ஒண்ணுமே எழுதலையா, இத்தாத்தா?"

கோழிக்கூட்டைத் தவிர ஒன்றுமில்லாத அந்தக் கடிதத்தைப் பிய்யாத்து மடித்தாள்.

"எழுதியிருக்காரே. உன்னை நல்லாப் பாத்துக்கணுமாம்."