மூன்றாவது தொட்டில்

ராட்டினக்காரர் செத்துப்போன பிறகும் அவருடைய எடை மூன்றாவது தொட்டிலை விட்டு இறங்கவில்லை. ஜனங்களை ஏற்றுவதற்கு முன்பு தினமும் அவரே அதில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். அப்படிச் சுற்றும்போதுதான் மூச்சு நின்றது. அடக்கம் முடிந்து வந்து பார்த்தால், காலித் தொட்டில் ராட்டினத்தையே இழுத்துக்கொண்டு கீழே தொங்குகிறது. ஊர் ஊராய்ப் போகும் பொருட்காட்சியில் இதற்கெல்லாம் யாரும் வாய் பிளப்பதில்லை. ஆனால் ஒரு பக்கம் கனத்தால் ராட்டினம் ஓடாது. அடுத்த ஊரில் வெள்ளிக்கிழமைக்குள் ஓட்டிக் காட்டாவிட்டால் அந்த இடம் வேறொரு குடும்பத்துக்கு என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

"அந்த ஒரு தொட்டில மட்டும் கழட்டி எறிஞ்சிடலாம் அண்ணி," என்றான் இன்ஜின் ஓட்டும் கொழுந்தன்.

"அவர இங்க இறக்கி விட்டுட்டு நான் எந்த ஊருக்குப் போறது? எல்லாத்தையும் லாரியில ஏத்துங்க," என்றாள் ராட்டினக்காரர் பெண்டாட்டி.

ஆட்களை உட்கார வைப்பது அவள் வேலை. வரிசையில் நிற்கும்போதே கண்ணால் எடைபோட்டு, குண்டருக்கு எதிரே குண்டரையும் நோஞ்சானுக்கு எதிரே நோஞ்சானையும் ஏற்றுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு தப்பியதில்லை. புது ஊரில் எதிர்த் தொட்டிலில் மூன்று மணல் மூட்டைகளை வைத்தாள். புருஷன் கனம் அவளுக்குத் தெரியாதா? ராட்டினம் மூட்டைப் பக்கம் சாய்ந்தது. ஒரு மூட்டையை இறக்கியதும் அசையாமல் நின்றது.

இறக்கிய மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு மூட்டை இளைச்சிருக்காரு தம்பி. ஊரையே எடை போட்டேன், இவரப் பாக்கலயே," என்று ஓவென்று அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "இன்ஜினப் போடுங்க," என்றாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராட்டினம் ஓடியது.

அதற்கப்புறம் எத்தனையோ ஊர்கள். மதியச் சாப்பாட்டு நேரம் கழிந்தால் மூன்றாவது தொட்டில் கொஞ்சம் கனக்கும். எதிரே ஒரு செங்கல் சேர்த்தால் சரியாகிவிடும். கொழுந்தனுக்குத் தலை நரைத்தது, அவளுடைய மகள் இன்ஜினுக்கு வந்தாள். கூட்டம் கலைந்ததும் அம்மா மூட்டைகளைத் தள்ளிவிட்டு எதிர்த் தொட்டிலில் தானே ஏறிக்கொள்வாள். வருடத்துக்கு வருடம் அவளும் இளைத்தாள். ஒரு மழைக்காலத்தில் அங்கே உட்கார்ந்தபடியே கண்ணை மூடினாள்.

அடக்கம் முடிந்து வந்த மகள் வழக்கம்போல மூட்டைகளை ஏற்றப் போனாள். ராட்டினம் எந்தப் பக்கமும் இழுக்காமல் நின்றிருந்தது. அவள் மூட்டைகளை அவிழ்த்து, ஜனங்கள் வழுக்கி விழாமலிருக்க மணலைச் சேற்றில் கொட்டிப் பரப்பினாள். இன்றைக்கும் எட்டுத் தொட்டில்களில் ஆறுக்குத்தான் டிக்கெட் கொடுக்கிறாள்.