செவ்வாய்க் கிரகத்துத் தொப்பிகள்

பாதிப் படத்தில் ஓட்டிலிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

பெர்லினில் எல்லோரும் பேசிக்கொண்ட பேசாப் படம் அது. திரைக்குக் கீழே வாத்தியக்காரர்கள் உருகி உருகி வாசிக்க, திரையில் செவ்வாய்க் கிரகத்துப் பூசாரிகள் தலையில் புனலைக் கவிழ்த்தது போன்ற தொப்பிகளோடு வரிசையாக நடந்து வந்தார்கள். ஓட்டிலி தொப்பிக் கடையில் விற்பனைக்காரி. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரிக்க, அவள் உட்கார்ந்திருந்த வரிசையே சேர்ந்து சிரித்தது.

பக்கத்திலிருந்த எவால்ட் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு நிச்சயமானவன், ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறவன். இந்தப் படத்துக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவன். டிராம் ஏற்றிவிடும்வரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன்பிறகும் அவனிடமிருந்து சேதி இல்லை. கல்யாணம் நின்ற மாதிரிதான் என்று ஓட்டிலி முடிவுகட்டினாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவன் அம்மா முன்பே அழைத்திருந்தார். போகாமல் தீராது.

உருளைக்கிழங்கு உருண்டைகளை மேசையில் வைத்துவிட்டு அம்மா குழம்பு எடுக்க உள்ளே போனார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பொய்யை ஓட்டிலி சொன்னாள்.

“படம் நல்லாத்தான் இருந்துச்சு, எவால்ட். நான்தான் கூறுகெட்டுப் போய்ச் சிரிச்சுட்டேன்.”

“புளுகாதே. என்னைப் பார்த்துத்தானே சிரிச்சே?”

“உன்னையா?”

“திரையில அந்தச் செவ்வாய் நகரம் தெரிஞ்சதும் எனக்கு அழுகை வந்துடுச்சு. நீ பார்த்துட்டேன்னு நெனச்சேன். வெக்கத்துல உன் மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னே தெரியல.”

“அட மக்கு! அந்த இருட்டுல உன் கண்ணு எங்கே தெரிஞ்சுது? நான் தொப்பியைப் பார்த்துச் சிரிச்சேன்டா!”

எவால்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தான். “தொப்பி கண்றாவிதான்,” என்று ஒப்புக்கொண்டான். “ஆனா அந்தப் பாலங்க? கோபுரங்க?”

“எல்லாம் இருக்கு. ஒரு அடுப்பு இருந்துச்சா? அந்த ஜனம் என்னத்தைத் தின்னுச்சு?”

“அதையெல்லாமா பார்ப்பே!”

“அதைத்தான் பார்ப்பேன்.”

குழம்போடு வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றார். “அப்பாடா, வாயைத் திறந்தானா! ஒரு வாரமா இந்த வீட்டுல சத்தமே இல்லை. ஆறிப்போகுது, தின்னுட்டுச் சண்டை போடுங்க.”

ஓட்டிலிக்கு அகோரப் பசி எடுத்தது. கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுவாரம் எவால்ட் அதே படத்துக்குத் தனியாகப் போனான். ஓட்டிலி எதிர்த்தெருவில் ஓடிய காதல் படத்துக்குப் போனாள். முடிந்ததும் தொத்திறைச்சிக் கடையில் சந்தித்து, கடுகு விழுது தடவிய ரொட்டியைக் கடித்தபடி, யார் பார்த்தது நல்ல படம் என்று வழக்காடிக்கொண்டே இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.