கையெழுத்து விழாத கடைசி அட்டை

அந்த அகராதி அலுவலகத்தில் ஒரு சொல்லுக்கு இரண்டு கையெழுத்து. ஆங்கிலச் சொல்லுக்கு ஸ்பானிஷ் எழுதும் மொழிபெயர்ப்பாளர் அட்டையில் ஒன்று போடுவாள். சரிபார்க்கும் பிழைதிருத்துபவன் ஒன்று போடுவான். இரண்டும் விழாமல் அட்டை அச்சுக்குப் போகாது.

பிழைதிருத்துபவனுக்கு ‘கமா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைச் சொல்ல வந்தாலும் பாதியில் நின்றுவிடுவான். ஆயிரக்கணக்கான அட்டைகளில் மளமளவென்று கையெழுத்துப் போட்ட அந்த மகானுபாவன், சங்கடத்தைச் சொல்லும் ‘ஆக்வர்ட்’ என்ற ஒரே ஒரு அட்டையைப் பதினொரு நாளாக இழுத்தடித்துக்கொண்டிருந்தான். காரணம் ஊரறிந்த ரகசியம். அதுதான் கடைசி அட்டை. அது முடிந்தால் திங்கட்கிழமை அவள் வேறு கட்டடத்துக்குப் போய்விடுவாள், மருந்துப் பெட்டிக்குள் வைக்கிற தாள்களை மொழிபெயர்க்க. மூன்று வருஷம் எதிர் மேஜையில் இருந்தவளிடம் மனதில் இருப்பதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பாவம்.

முதலில் அவள் ‘இன்கோமோதோ’ என்று எழுதினாள்.

“முதுகு வலிக்கிற நாற்காலியையும் அப்படித்தானே சொல்லுவாங்க?” என்று கமா திருப்பிவிட்டான்.

‘டோர்பே’ என்று மாற்றினாள்.

“அது எதையாவது தட்டிவிடுற ஆளுக்குத்தான் சரி” என்று மறுபடியும் திருப்பினான். அவன் சொன்னதெல்லாம் நியாயம்தான் என்பதுதான் கொடுமை.

வெள்ளிக்கிழமை மாலை அவளே அட்டையோடு எழுந்து வந்தாள்.

“ஒரே சொல் கிடைக்காது சார். இடத்துக்கு இடம் மாறும். நாலு சொல் போட்டுட்டேன். எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கு. படிச்சுப் பாருங்க.”

ஆங்கிலத்தில் ஒரு வரி, அதன் கீழே அதே வரி ஸ்பானிஷில்: ‘எதிர் மேஜைக்காரர் என்னைப் போகாதே என்று சொல்லத் தெரியாமல், பதினொரு நாளாகச் சும்மா குற்றம் கண்டுபிடிக்கிறார், இருவருக்கும் சங்கடமாக இருக்கிறது.’

கமாவுக்குக் காது சிவந்தது. பழக்கதோஷம், கை சிவப்புப் பேனாவைத்தான் எடுத்தது.

“இதுல ஒரு பிழை இருக்கு.”

“இதுலயுமா? எங்க?”

‘சும்மா’ என்ற சொல்லை இரண்டு மொழியிலும் அடித்தான். “சும்மா இல்ல” என்றான். பேனா கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்து நின்றது. “இதைப் போட்டா நீங்க...”

“வேற கட்டடத்துக்குத்தானே போறேன், வேற நாட்டுக்கா? ஆறு மணிக்கு ரெண்டு கட்டடத்தையும்தான் பூட்டுறாங்க.”

கமா கையெழுத்துப் போட்டான்.

“திங்கட்கிழமை ஆறு மணிக்கு உங்க வாசல்ல காத்திருப்பேன், சேர்ந்தே போகலாம்” என்றான், முழுசாக.