சிறுத்தை தின்ற ராசம்மாள்

ராசம்மாள் செத்து அறுபத்தாறு வருஷம் ஆகிவிட்டது என்ற சங்கதி, உலகத்துக்கெல்லாம் தெரிந்தபிறகு கடைசியாகத்தான் ராசம்மாளுக்குத் தெரிந்தது. அப்போது அவள் வாழவந்தியில் தன் வீட்டு வாசலில் சாக்கை விரித்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கதியைக் கொண்டுவந்தவன் அன்வர். ஒண்டிக்கடை முக்கில் ஜீப் வாடகைக்கு விடுகிறவன். ஏற்காட்டுக்குப் படம் எடுக்க எவன் வந்தாலும் இடம் காட்டுவது, ஆள் பிடிப்பது, பேச்சை மொழிபெயர்ப்பது எல்லாம் அவன் பொறுப்பு.

"ஏனுங்க பெரியம்மா, வயசான அம்மா ஒருத்தர் வேணுமுங்க. துக்கமா மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஒரு கல்லுக்கு மாலை போடோணும். அவ்வளவுதானுங்க."

"ஆரு சாமி செத்தது?"

"எஸ்டேட் பங்களாவுல முன்னால ஒரு வேலைக்காரப் புள்ள இருந்துச்சாமுங்க. பேருகூட உங்க பேருதான். சிறுத்தை வந்தப்ப வெள்ளக்காரப் பாப்பாவைத் தள்ளிவுட்டுட்டு, சிறுத்தை வாயில இந்தப் புள்ள மாட்டிக்கிச்சாம். அந்தப் பாப்பாதான் இப்ப அமெரிக்காவுல நொம்பப் பெரிய நடிகை. லெனோர் ஹாஸ்கெல்னு பேரு. அவங்க வாழ்க்கையப் படமா எடுக்கறாங்க. அவங்களே வந்திருக்காங்க."

ராசம்மாளின் கை மிளகோடு நின்றுவிட்டது. இத்தனை வயதுக்குமேல் ஒரு சிறுத்தை வந்து தன்னைத் தின்னும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"காட்டு, பாக்கறேன்" என்றாள்.

அன்வர் செல்போனை நீட்டினான். ஏதோ பெரிய மேடை. வெள்ளைத்தலையும் வைரத்தோடுமாக ஒரு கிழவி நின்று பேசிக்கொண்டிருந்தாள். கீழே கோட்டுப் போட்ட கூட்டம் மூக்கை உறிஞ்சியது. கிழவியின் கீழுதடு முதலில் துடித்தது. அப்புறம் ஒரு கண்ணில் மட்டும் நீர் கட்டி நின்றது. அந்த உதட்டை ராசம்மாளுக்குத் தெரியும். சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டு, அம்மா வருகிற சத்தம் கேட்டதும் துடிக்கும் உதடு அது.

அன்வர் அந்த அம்மாளின் பெருமைகளை அடுக்கினான். பத்தொன்பது வயதில் நர்ஸ் தொப்பி வைத்துக்கொண்டு அழுது புகழ்பெற்றவளாம். அன்றிலிருந்து அவளை அழவைத்தே காசு பார்த்திருக்கிறார்கள். சண்டைக்குப் போன புருஷனுக்காக அழுதாள், தொட்டிலில் செத்த பிள்ளைக்காக அழுதாள், கோர்ட்டில் கூண்டில் நின்று அழுதாள். வயது போனதும், அழுகிற பெண்ணுக்கு அம்மாவாக வந்து கூட அழுதாள். இப்போது எல்லாம் மறந்துபோன கிழவியாக வந்து, எதற்கு அழுகிறோம் என்று தெரியாமல் அழுகிறாளாம். நிஜத்தில் மூன்று கல்யாணம். மூன்றிலும் கடைசியில் அழுதவர்கள் புருஷன்மார்கள்தான். அதைப் படமெடுக்க யாரும் போகவில்லை.

"எப்படிம்மா இப்படி அழுகறீங்கன்னு எல்லாரும் கேப்பாங்களாமுங்க. எனக்காகச் செத்த ராசம்மாவ நெனச்சுக்குவேன், தன்னால வந்துரும்னு சொல்லுவாங்களாம். ரெண்டு பெரிய பரிசு வாங்கியிருக்காங்க."

ராசம்மாள் பார்த்தது போதும் என்று செல்போனை அவன் பக்கமே தள்ளினாள். தன்னைக் கொன்று, அந்தப் பிணத்தை வைத்து ஒருத்தி ஐம்பது வருஷமாகப் பிழைத்திருக்கிறாள். ஒப்பாரி வைக்க வருகிறவர்கள்கூடச் சாவு விழுந்தபிறகுதான் வருவார்கள்.

நடந்தது இதுதான். பாக்சைட் மண்ணைச் சோதிக்க வந்த அமெரிக்க இன்ஜினீயர் ஒருவன் எஸ்டேட் பங்களாவில் குடியிருந்தான். வெள்ளையாக இருந்ததால் ஊருக்கு அவனும் துரைதான். அவன் மகள் லெனோர், ஊருக்கு லீனா பாப்பா, அவளுக்கு ஒன்பது வயது. அவளைப் பார்த்துக்கொள்ள வைத்த ராசம்மாளுக்குப் பதிமூன்று. ஒருநாள் விருந்துக்குத் தன்னைக் கூட்டிப்போகவில்லை என்ற ஆத்திரத்தில், அம்மாவின் தங்கச் செயினை எடுத்துக் காப்பித்தோல் அழுகும் குழியில் வீசினாள் லீனா பாப்பா. ராசம்மாள் கண்ணால் பார்த்தாள். மறுநாள் விசாரணையில் பாப்பாவின் கீழுதடு துடித்தது, ஒரு கண்ணில் நீர் கட்டியது. "ராசுதான் எடுத்தா" என்றாள், நல்ல தமிழில். அவள் நடித்த முதல் படம் அதுதான். ராசம்மாளைக் கேட்டால் அதைவிட நன்றாக அவள் எதிலும் நடித்திருக்க முடியாது.

சிறுத்தையும் இல்லை, பூனையும் இல்லை. தோட்டவேலை செய்துவந்த ராசம்மாளின் அப்பனுக்கு வேலை போயிற்று, எஸ்டேட்டில் இருந்த லைன் வீடும் போயிற்று. பேசிவைத்திருந்த சம்பந்தம் கலைந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு நல்ல மனுஷன் பிற்பாடு அவளைக் கட்டிக்கொண்டான். ஆனாலும் வாழவந்தியில் அது 'செயின்காரி ஊடு' ஆகவே இருக்கிறது. போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் குழந்தையின் கொலுசு காணாமல் போனபோது, எதிர்வீட்டுக்காரி பாப்பாத்தி பந்தியில் எல்லோர் முன்னாலும், "முதல்ல ராசம்மா மடியப் பாருங்க" என்று சிரித்தாள். கொலுசு குழந்தையின் போர்வையில் கிடந்தது. சிரித்தவள் சிரித்தபடியே இன்னொரு வடை கேட்டாள்.

ஆக, செத்த ராசம்மாள் தெய்வம், உயிரோடிருக்கிறவள் திருடி. இதில் தான் எவள் என்று ஒருவராவது தன்னைக் கேட்கவில்லையே என்று அவளுக்கு இருந்தது.

"வரேன் சாமி" என்றாள் அன்வரிடம். மிளகைச் சாக்கோடு சுருட்டி உள்ளே வைத்தாள்.

பழைய பங்களா இப்போது ரிசார்ட். நீச்சல்குளத்துக்கும் ஊஞ்சலுக்கும் நடுவில், புல்தரையில் புத்தம்புதுக் கல் ஒன்று நட்டிருந்தார்கள். 'ராசம்மாள். தன்னுயிர் தந்து இன்னுயிர் காத்தவள்' என்று எழுதியிருப்பதாக அன்வர் படித்துச் சொன்னான். டைரக்டர், கொண்டை போட்ட ஓர் அமெரிக்க வாலிபன், ராசம்மாள் கையில் சாமந்தி மாலையைக் கொடுத்தான். தன் கல்லுக்குத் தானே மாலை போடும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? அவள் போட்டாள். துக்கம் பத்தவில்லை என்றான் டைரக்டர். மறுபடி போட்டாள். இப்போது கோபமாகத் தெரிகிறதாம்.

"செத்தவங்கள நெனச்சுக்கிட்டுப் போடச் சொல்றாருங்க பெரியம்மா" என்றான் அன்வர்.

"அவளத்தான் நெனச்சுக்கிட்டிருக்கறேன்."

லெனோர் ஹாஸ்கெல் குடைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி விசிறினாள், ஒருத்தி கன்னத்தில் பவுடர் ஒற்றினாள். நடிகையின் பார்வை ராசம்மாள்மேல் பட்டு, அப்படியே தாண்டி நீச்சல்குளத்துக்குப் போயிற்று. கூலிக்கு வந்த கிழவிக்கு அதற்குமேல் பார்வை எதற்கு? இங்கே வாயைத் திறந்து பிரயோஜனமில்லை என்று ராசம்மாள் கணக்குப் போட்டாள். கேட்க வேண்டியவர்கள் இங்கே இல்லை.

"அன்வர் கண்ணு, சேர்வராயன் கோயில்லயும் ஒண்ணு எடுக்கச் சொல்லு. இந்தம்மா சின்னப் புள்ளையில வந்த எடந்தான். அங்க எங்க சனம் செய்யற மொறை ஒண்ணு இருக்குது. பாக்க நொம்ப அழகா இருக்கும்."

அழகு என்ற சொல்லைக் கேட்டதும் டைரக்டருக்கு வாயெல்லாம் பல். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மொத்தப் பட்டாளமும் மலையுச்சிக்கு ஏறியது. வெள்ளைக்காரி வந்திருக்கிறாள் என்றதும் வாழவந்தி பாதி அங்கே நின்றது. பாப்பாத்தி எல்லோருக்கும் முன்னால் இடம் பிடித்திருந்தாள்.

"செயின் போச்சே, அந்தத் துரை மகதானே இவ?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள், ராசம்மாளுக்குக் கேட்கும்படியாகவே.

கோயில் இருந்த குகையின் வாசலில் காற்று படாத ஒரு கல்லைக் காட்டி, அதன்மேல் சூடம் வைக்கச் சொன்னாள் ராசம்மாள். "செத்துப்போனவளப் பத்தி மனசறிஞ்ச உண்மையச் சாமிக்குச் சொல்லிப்புட்டு, எரியற சூடத்த வெறுங்கையால அணைக்கோணும். அப்பிடியே சொல்லு அவங்ககிட்ட."

அன்வர் திருதிருவென்று விழித்தான். "பெரியம்மா, இது சத்தியம் பண்றதில்லீங்களா?"

"ஆமா சாமி. உண்மையச் சொல்றவங்களுக்கு இதுவும் ஒரு பூசைதான்."

"என்னத்துக்குங்க இது?"

"அந்தக் கல்லுல பேரு எழுதியிருந்தீங்களே, அந்த ராசம்மா நாந்தான். என்னையச் சிறுத்தையும் திங்கல, அந்தச் செயின நான் எடுக்கவுமில்ல. இதே எடத்துல, பதிமூணு வயசுல, சூடம் அணைச்சுச் சொன்னேன். இவ ஜீப்புல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தா. ஏழாம் நாளு எனக்குக் கண்கட்டி வந்துச்சு. சாமி கண்ணக் குத்திருச்சுன்னு ஊரே சொல்லிருச்சு."

வெறும் கண்கட்டி. அதற்குமுன் வீட்டில் மூன்று பேருக்கு வந்து போயிருந்தது. திருடி என்று முடிவுகட்டிய ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. அன்வர் ராசம்மாளை ஒருதரம், நடிகையை ஒருதரம் பார்த்தான். இந்த வேலை போனால் அடுத்த கம்பெனி தன்னைக் கூப்பிடாது என்று அவனுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் டைரக்டரிடம் போய், ராசம்மாள் சொன்ன முறையை ஒரு சொல் விடாமல் சொன்னான். சத்தியம் என்ற சொல்லை மட்டும் அவள் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. டைரக்டர் உள்ளம் உருகி நெஞ்சில் கைவைத்துக்கொண்டான்.

சூடம் ஏற்றினார்கள். ஊர்ச்சனம் கப்சிப் என்று அடங்கியது. அது என்ன என்று அங்கே குழந்தைக்கும் தெரியும். கேமராக்காரர்களுக்குத்தான் அது அழகான நெருப்பு.

லெனோர் ஹாஸ்கெல் வெள்ளைச் சேலையில் தலையைக் குனிந்து குகைவாசலுக்கு வந்தாள். கீழுதடு துடித்தது. ஒரு கண்ணில் நீர் கட்டியது. ராசம்மாவைப் பற்றியும் சிறுத்தையைப் பற்றியும் இங்கிலீஷில் உருக்கமாகச் சொல்லிக்கொண்டே குனிந்தவள், கல்லின்மேல் எரிந்த சூடத்தைப் பார்த்தாள். பேச்சு நின்றது. நீட்டிய கை பாதி வழியில் நின்றது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பட்டாளத்திலேயே அது என்ன என்று தெரிந்த ஒரே வெள்ளைக்காரி அவள்தான். ஜீப்பில் உட்கார்ந்து ஐஸ்கட்டி போட்ட ஜூஸ் குடித்தபடி பார்த்தவளாயிற்றே. எத்தனையோ நாட்டு மேடையில் கூசாமல் சொன்ன நாக்கு, ஒரு சிட்டிகைச் சூடத்தின் முன்னால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கை முன்னால் போகும், பின்னால் வரும். கண்ணிலிருந்த நீர்கூட எங்கோ போய்விட்டது.

"கை வரலியே!" என்றாள் பாப்பாத்தி, சத்தமாக. "அடி ஆத்தி, இவளுக்குக் கை வரலியே!"

கூட்டத்தில் அந்தப் பேச்சு வாய்க்கு வாய் போயிற்று. இத்தனை வருஷமாக ராசம்மாளைக் கண்டால் மடியைப் பார்த்த கண்கள் எல்லாம் இப்போது நடிகையின் விரல்களைப் பார்த்தன. பாப்பாத்தி மெல்லத் திரும்பி ராசம்மாளைப் பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்தாள். ராசம்மாளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இதற்குத்தானா ஒரு ஆயுசு போனது என்ற ஆங்காரம்தான் வந்தது.

சூடம் தானாக எரிந்து அணைந்தது. டைரக்டர் படப்பிடிப்பை நிறுத்தி, புகை கண்ணில் பட்டுவிட்டதா என்று ஓடிவந்தான். நடிகை அவனை விலக்கிவிட்டுக் கூட்டத்தில் தேடினாள். முதல்முறையாக ராசம்மாளின் முகத்தை நின்று பார்த்தாள். கிட்டே வந்தாள். பவுடர் வழிந்த முகம்.

"ராசு" என்றாள். பிறகு, துருப்பிடித்த தமிழில், "மன்னிச்சிரு ராசு."

அந்தப் பெயரைச் சொல்லி ராசம்மாளைக் கூப்பிட இன்று உயிரோடு யாரும் இல்லை. ஒரு கணம் அவள் கை நடிகையின் பக்கம் எழுந்தது. உடனே, கலைந்துபோன சம்பந்தமும், மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அப்பன் லைன் வீட்டைவிட்டு இறங்கியதும் நினைவுக்கு வந்தன.

"ராசு செத்துட்டாளுங்க" என்றாள், மிகுந்த மரியாதையாக. "நீங்கதானுங்க ஊரு உலகமெல்லாஞ் சொன்னீங்க. மன்னிக்கறதுக்கு அவ வேணும்னா, போயி அந்தச் சிறுத்தை வயித்துல தேடுங்க."

கிழவி என்ன சொன்னாள் என்று டைரக்டர் அன்வரிடம் கேட்டான். அன்வர் நடிகையின் முகத்தைப் பார்த்தான். அங்கே மொழிபெயர்க்க ஒன்றும் பாக்கி இல்லை.