லாசர் கட்டின மீசைப் பந்தயம்

லாசருக்கு வாய் கொஞ்சம் நீளம். பட்டினப்பாக்கத்துல வலை பிரிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. மக டயானா அடையாறு ஆராய்ச்சிக்கூடத்துல முடி எப்படி முளைக்குதுன்னு படிக்கிறா. அவளுக்காக மூணு மாசம் முன்னாடி பின்மண்டையில இருந்து அரிசி அளவு தோலைக் குடுத்துட்டு வந்தாரு. குடுத்த மனுசன் சும்மா இருந்தாரா? அதான் இல்ல. "மாதா திருவிழாவுக்குள்ள என் வழுக்கையில முடி முளைக்கும். இல்லாட்டி இந்த மீசையை எடுத்துடறேன்"னு கூட்டாளி ராபர்ட்டுகிட்ட பந்தயம் கட்டிட்டாரு. இருபது வயசுல விட்ட மீசை. கல்யாணத்தன்னிக்குக்கூட கத்திரி படாத மீசை!

திருவிழாவுக்கு நாலு நாள்தான் பாக்கி. வழுக்கை அப்படியே பளபளன்னு கிடந்துச்சு. ராபர்ட் எதிர்ல வரும்போதெல்லாம் ரெண்டு விரலைக் கத்திரி மாதிரி ஆட்டிட்டுப் போனான். பொறுக்க முடியல. பொண்டாட்டி வசந்தி வறுத்த வஞ்சிரத்தை டப்பாவுல வாங்கிக்கினு, ஷேர் ஆட்டோ புடிச்சு அடையாறுல போய் நின்னாரு.

"இன்னா கண்ணு, என் முடி எப்போ வரும்?"

டயானாவுக்குச் சிரிப்பு தாங்கல. "கையெழுத்து போட்டியே நைனா, அந்தப் பேப்பரைப் படிக்கலியா? இது வைத்தியம் இல்ல. உன் மண்டைக்குத் திரும்ப ஒண்ணும் வராது."

லாசருக்குக் கை தானா மீசைக்குப் போச்சு. "அப்ப எதுக்கும்மா தோலை எடுத்தீங்க?"

"முடிக்கு அடியில கொஞ்சம் செல்லு கீது நைனா. அது மேல் தோலுக்கு 'முளை'ன்னு சேதி அனுப்பும். தோலு பதில் சொல்லும். மாத்தி மாத்திப் பேசினாத்தான் முடி. உன் உச்சியில அந்தப் பேச்சு நின்னுபோச்சு. வெளிய எடுத்து வளர்த்தாலோ எல்லா செல்லும் வாயடைச்சுப் போவுது. நாலு வருசமா பேச வைக்கப் பாக்கறேன், ஒண்ணுகூட வாய் தொறக்கல." சொல்லிட்டு ஒரு கண்ணாடித் தட்டை எடுத்தா. "இந்தத் தடவை பரப்பி வைக்காம, ஒரு சொட்டு சத்துத் தண்ணிக்குள்ள நெருக்கித் தொங்க விட்டிருக்கேன். சேதி போயிருந்தா, நாங்க செல்லுல வெச்ச அடையாளம் பச்சையா மின்னும்."

சொல்லிக்கினே மைக்ராஸ்கோப்புல கண்ணை வெச்சா. அசையவே இல்ல. அப்புறம் எகிறிக் குதிச்சா பாருங்க! "உன்னுது நைனா! தோலு குடுத்த ஒம்பது பேருல உன்னுதுதான் பேசுது!"

லாசர் குனிஞ்சு பாத்தாரு. இருட்டுக்குள்ள பச்சைப் பச்சையா புள்ளிங்க. "என் செல்லாச்சே, வாயை மூடுமா?"ன்னாரு. கண்ணு கலங்கிடுச்சு. மக இப்படித் துள்ளி எத்தினி நாளாச்சு!

மண்டையில முடி வராதுன்னு தெரிஞ்சப்புறம், திருவிழா வரைக்கும் அவரு காத்திருக்கல. நேரா டில்லிபாபு சலூன்ல போய் உக்காந்து, ராபர்ட்டையும் கூப்பிட்டு வெச்சு, மீசையை எடுக்கச் சொல்லிட்டாரு.

"இன்னா மச்சி, இன்னும் நாலு நாள் கீதே!" ராபர்ட்டே பதறிட்டான்.

லாசர் போன்ல புடிச்ச பச்சைப் புள்ளியை அவன் மூக்குக்கு நேரா நீட்டினாரு. "மீசை கெடக்குது விட்றா. அதுக்கு அடியில இன்னும் பேச்சு நிக்கல, பத்து நாள்ல முளைச்சுடும். இதைப் பாரு, இதை என் பொண்ணு பேச வெச்சிருக்கா!"