சாகக்கூடாத வாளி

தொண்ணூற்றாறில் மூன்று மாதமாக நுளம்பு மருந்து லொறி திருகோணமலைக்கு வரவில்லை. சண்டையில் நிம்மதியாக இருந்தது நுளம்பு மட்டும்தான். அதனால் ஓர்ஸ் ஹில் மலேரியாக் கந்தோரில் சிவகுருநாதன் தானே மருந்து வளர்த்தான். நுளம்புப் புழுவைக் கொல்லும் பக்டீரியா. கருவாட்டுத்தலை அவித்த தண்ணீரில், மீன்தொட்டிப் பம்பி ஊதும் காற்றில், கண்ணாடி ஜாடிக்குள் மூன்று நாள் புளித்துப் பெருகவேண்டும். இரண்டு தடவை மின்சாரம் நின்று, நாற்றம் மட்டுமே விளைந்தது. மூன்றாவதும் சரிவராவிட்டால் ஜாடியைக் கழுவிக் கவிழ்க்கவேண்டும் என்று கந்தோர்ப் பொறுப்பாளர் டொக்டர் புஸ்பராணி சொல்லியிருந்தார்.

நேற்றுக் காலை இரண்டு வாளியில் நூறு நூறு புழு விட்டான். சிவப்பு வாளிக்கு மூன்றாம் தடவை விளைந்த மருந்து. நீல வாளிக்கு ஒன்றுமில்லை. சிவப்பில் சாகவேண்டும், நீலத்தில் நெளியவேண்டும். அப்போதுதான் கொன்றது மருந்து என்று சொல்லலாம்.

இன்று காலை இரண்டிலும் சாவு.

"உம்மட பக்டீரியா பறந்து போய் விழுந்ததோ?" என்றார் டொக்டர்.

"அதுக்குச் செட்டை இல்லை, டொக்டர்."

"அப்ப தண்ணிதான் கொன்றிருக்கு. சிவப்பிலயும் அதே தண்ணிதானே?"

அதே தண்ணீரில் காலையில் தேநீர் குடித்தது சிவகுருநாதனுக்கு நினைவு வந்தது. வயிற்றைத் தடவினான். உயிரோடுதான் இருந்தான். அதை வைத்தும் ஒன்றையும் நிரூபிக்க முடியவில்லை.

"எனக்கும் விளங்கேல்ல," என்றான்.

"ஜாடியைக் கழுவும்."

ஜாடியைத் தூக்கும்போது பியோன் ஸைனுலாப்தீன் வந்தார்.

"நீல வாளியையும் கழுவுங்க சேர். நேத்துப் பின்னேரம் அதுக்கு மண்ணெண்ணெய் விட்டனான். மலேரியாக் கந்தோருக்குள்ளயே புழு நெளிஞ்சா ஊர் சிரிக்காதா?"

இருபத்தெட்டு வருடம் குட்டைகளுக்கு எண்ணெய் தெளித்த கை. கருவாட்டு நாற்றத்தில் மண்ணெண்ணெய் யாருக்கும் மணக்கவில்லை.

"சிவப்புக்கும் விட்டியளோ, காக்கா?" சிவகுருநாதன் ஜாடியோடு அவர் பக்கம் திரும்பினான்.

ஸைனுலாப்தீனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன கதை சேர் இது? ஒரு போத்தல் எண்ணெய்க்கு வரிசையில நிக்கிற காலம். சிவப்புல எல்லாம் செத்துக் கிடந்திச்சு. செத்ததுக்கு எதுக்கு எண்ணெய்?"

டொக்டர் கதிரையில் இருந்துவிட்டார். விரலை மடக்கி, நிமிர்த்தி, மறுபடி மடக்கினார்.

"அப்ப பின்னேரம் சிவப்பில சாவு, நீலத்தில உயிர்."

"ஓம் போல கிடக்கு, டொக்டர்."

"ஜாடியை வையும். கழுவாதேயும்."

அறிக்கையில் 'சாட்சி' என்று ஒரு கட்டம் புதிதாகக் கீறப்பட்டது. ஸைனுலாப்தீன் பேனையைப் பிடித்தபடி கேட்டார்:

"நீல வாளிய நான் கொன்றதெண்டுதானே எழுதியிருக்கு?"

"ஓம், காக்கா. நூறும் நீங்கள்தான்."

திருப்தியாகக் கையெழுத்து வைத்தார்.